எரியும் எஞ்சினுக்குள் டர்பைன் பிளேடின் சூட்டை ஒளியால் அளப்பது எப்படி

சூடான பொருள் விடும் ஒளியைக் கொண்டு அதன் வெப்பநிலையைச் சொல்லும் கருவிதான் பைரோமீட்டர். அதன் முன்னால் உட்காருகிறவர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டிடெக்டரில் விழுகிற இந்த ஒளி யாருடையது? பிளேடு விடும் ஒளியா, எரிகலனின் சுவாலை பிளேடில் பட்டுத் தெறிக்கிற ஒளியா, பறந்து போன கரித்துகளின் ஒளியா, சூடேறிய லென்ஸே விடும் ஒளியா, இல்லை ஒளியே இல்லாமல் டிடெக்டர் கசியவிடும் மின்னோட்டமா? கருவி இதையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிவிடும். அந்த எண்ணுக்குள் பிளேடின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் நம் வேலை.

நான் பெங்களூரில் எஞ்சின்களை நிறுத்தி வைத்து ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் செல்லில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பகுதியில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானோர் கணக்கில் கெட்டிக்காரர்கள், சூட்டையும் ஒளியையும் இணைக்கும் பிளாங்க் விதி தலைகீழாகத் தெரியும். ஆனால் பர்ஜ் காற்றுக் குழாயைக் கையில் கொடுத்தால் அது எதற்கென்று தெரியாது. அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

முதலில், இவ்வளவு பாடு ஏன்? இன்றைய எஞ்சின்களில் உயர் அழுத்த டர்பைனுக்குள் நுழையும் வாயு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. பிளேடு வார்க்கப்பட்ட நிக்கல் கலப்பு உலோகமோ 1300 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகத் தொடங்கிவிடும். உள்ளே ஓடும் குளிர்விக்கும் காற்று, சிறு துளைகள் வழியாக வந்து மேற்பரப்பில் படரும் காற்றுப் படலம், மேலே பூசிய செராமிக் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பிளேடைக் காப்பாற்றுகின்றன. இதில் ஒன்று சற்றே குறைந்தாலும் உலோகம் சூடேறும். உலோகத்தின் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி கூடினால் பிளேடின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. ஆகவே சில டிகிரிக்கே மதிப்பு அதிகம்.

சூட்டை மின்னழுத்தமாக மாற்றும் கம்பி இணைப்பான தெர்மோகப்பிளை ஒட்டி அளக்கலாமே என்று கேட்பார்கள். ஒட்டுகிறோம்தான். ஆனால் சுழலும் பிளேடிலிருந்து கம்பியை வெளியே கொண்டுவர உராய்ந்தபடி மின்சாரத்தைக் கடத்தும் ஸ்லிப் ரிங்கோ, கம்பியில்லாமல் சிக்னல் அனுப்பும் டெலிமெட்ரியோ வேண்டும். கம்பி போகும் பள்ளம் குளிர்விக்கும் காற்றையே கலைக்கும். அந்தச் சூட்டில் இணைப்பும் அதிக நேரம் தாங்காது. போதாக்குறைக்கு, ஒரு கம்பி ஒரு பிளேடின் ஒரு புள்ளியை மட்டுமே சொல்லும். ஒளியில் அளந்தால் உள்ளே நீட்டிய, லென்ஸ் வைத்த ஒரே ப்ரோபின் (குழாயின்) முன்னால் எல்லாப் பிளேடும் ஒவ்வொரு சுற்றிலும் வந்து போகும். இது ஆய்வகத்துக்குள் மட்டும் கிடக்கும் வித்தையும் இல்லை. டொர்னாடோ போர் விமானத்தின் ஆர்.பி.199 எஞ்சினில் பைரோமீட்டர் நிரந்தரமாகவே பொருத்தப்பட்டிருந்தது; விமானியின் முன்னால் டர்பைன் பிளேடு வெப்பநிலைக்கென்றே ஒரு காட்டி இருந்தது.

எந்த அலைநீளத்தில் பார்ப்பது

இதை முடிவு செய்யாமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். லென்ஸ், ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபர், டிடெக்டர் எல்லாம் இதைப் பொறுத்தே வரும்.

உதாரணத்துக்கு 1200 கெல்வினில், அதாவது 927 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு பிளேடை எடுத்துக்கொள்வோம். சூடான பொருளின் ஒளி குறைந்த அலைநீளத்தில் வெப்பநிலையோடு மிக வேகமாக ஏறும். அதனால் பிளேடின் உமிழ்திறனை (அதே சூட்டில் ஒரு முழுக் கரும்பொருள் விடும் ஒளியில் பிளேடு எத்தனை பங்கு விடுகிறது என்பதை) நாம் 10 சதவீதம் தவறாக எடுத்துக்கொண்டாலும் 0.9 மைக்ரானில் வரும் பிழை சுமார் 9 டிகிரிதான். 1.6 மைக்ரானில் அது 16, 17 ஆகும். 3.9 மைக்ரானில் 40 ஆகிவிடும். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 0.9-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். சிலிக்கான் டிடெக்டர் மலிவு, வேகம், சிக்னலில் இரைச்சல் குறைவு. எல்லாம் சரிதான்.

இப்போது பிரதிபலிப்பைப் பாருங்கள். முதல் வரிசைப் பிளேடுகள், அவற்றுக்கு முன்னால் சுழலாமல் நிற்கும் வேன்களின் இடைவெளி வழியாக எரிகலனைப் பார்த்துக்கொண்டே சுற்றுகின்றன. அங்கே 2000 கெல்வினில் ஒளிவிடும் ஒரு பரப்பு இருப்பதாகவும், அதன் ஒளியில் வெறும் 1 சதவீதம் பிளேடில் பட்டு நம் ப்ரோபுக்குள் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். 0.9 மைக்ரானில் அந்த 1 சதவீதமே பிளேடின் சொந்த ஒளியைப் போல இரண்டு மடங்கு. கருவி 1200-க்குப் பதில் 1310 கெல்வின் என்று காட்டும். அதே நிலையில் 1.6 மைக்ரானில் பார்த்தால் பிழை 30 டிகிரி. 3.9-ல் சுமார் 14. ஒரு பக்கம் குறைத்தால் இன்னொரு பக்கம் கூடுகிறது.

என் முடிவு இது: எரிகலனை நேராகப் பார்க்கும் முதல் வரிசைக்கு 1.6 மைக்ரானும், சுவாலை கண்ணில் படாத பின் வரிசைகளுக்கு 0.9 மைக்ரானும் வையுங்கள். 1.6-ஐச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. எரிந்து வரும் வாயுவில் இருக்கும் நீராவி 1.4-ஐ ஒட்டியும் 1.9-ஐ ஒட்டியும் ஒளியை விழுங்கும். இரண்டுக்கும் நடுவில் இது தெளிவான இடம். இன்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் இங்கே நன்றாக வேலை செய்யும், சாதாரண சிலிக்கா ஃபைபரும் போதும். 3.9 மைக்ரானுக்குப் போனால் சிலிக்கா ஃபைபர் ஒளியை விடாது, டிடெக்டரையும் குளிர்விக்க வேண்டும், சூடான சஃபயர் சன்னலே ஒளிவிடத் தொடங்கும் எல்லைக்கும் வந்துவிடுவீர்கள். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் போங்கள்.

முடிந்தால் ஒரே ப்ரோபிலிருந்து வரும் ஒளியைப் பிரித்து இரண்டு அலைநீளத்திலும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையைச் சொன்னால் அது பிளேடின் ஒளி என்று நம்பலாம். 0.9-ல் வருவது 1.6-ல் வருவதைவிட அதிகம் என்றால் சுவாலை கலந்திருக்கிறது. ஆனால் இரண்டையும் வகுத்து, விகிதத்திலிருந்து வெப்பநிலை எடுக்கும் முறையை முதல் வரிசைப் பிளேடில் பயன்படுத்தாதீர்கள். விகிதம் எடுத்தால் உமிழ்திறன் பிரச்சினையே தீர்ந்துவிடும் என்று கருவி விற்பவர்கள் சொல்வார்கள். மேலே சொன்ன அதே 1 சதவீதப் பிரதிபலிப்பை அந்த விகிதத்தில் போட்டுப் பாருங்கள்: 1200 கெல்வின் பிளேடு 1430 என்று வரும். தனி அலைநீளங்கள் இரண்டையும்விட மோசம்.

செராமிக் பூசிய பிளேடு என்றால் இன்னொரு சிக்கல். சிர்கோனியா பூச்சு இந்த அலைநீளங்களில் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். நாம் பார்ப்பது மேற்பரப்பும் இல்லை, அடியிலுள்ள உலோகமும் இல்லை, இரண்டும் கலந்த ஒளி. அந்த எண்ணை ஓட்டத்துக்கு ஓட்டம் ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். உலோகத்தின் வெப்பநிலை என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ப்ரோபும் சன்னலும்

கேசிங்கில், அதாவது எஞ்சினின் வெளிக்கூட்டில், புதிதாகத் துளை போட யாரும் எளிதில் அனுமதி தரமாட்டார்கள். எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்பை விடுவதற்கென்று ஏற்கனவே இருக்கும் துளையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவோம். அது நாம் விரும்பும் கோணத்தில் இருக்காது. பிளேடின் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும் திசையிலிருந்து 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து பார்த்தால் உமிழ்திறன் சரியத் தொடங்கும். 45-க்குள் கிடைத்தால் நிம்மதி. துளை எங்கே இருக்கிறது, வேனின் விளிம்பு பார்வையை மறைக்கிறதா என்பதை வரைபடத்தில் மட்டும் பார்க்காமல், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபைபரின் மறுமுனையிலிருந்து சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்தி, பிளேடில் எங்கே புள்ளி விழுகிறது என்று போர்ஸ்கோப்பால் பார்த்து உறுதி செய்யுங்கள். சூடேறினால் வெளிக் கேசிங்கும் உள் வளையமும் வேறு வேறு அளவு விரியும். ஆகவே ப்ரோபை வெளியே மட்டும் இறுக்கமாகப் பிடித்து, உள்ளே பிஸ்டன் ரிங் போன்ற சீலோடு வழுக விட வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கினால் ஏதோ ஒன்று வளையும் அல்லது உடையும். உடைந்த துண்டு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லென்ஸைப் பிடிக்கும் வளையம் கழன்றாலும் லென்ஸ் வாயுப் பாதைக்குள் விழாதபடி, உள் முனையில் துளை லென்ஸைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

லென்ஸுக்கு சஃபயர்தான். உருகுநிலை 2050 டிகிரியை ஒட்டி இருக்கிறது, கீறல் விழாது. ஆனால் திடீரென்று சூடும் குளிரும் மாறினால் வெடிக்கும். குழாயின் வாயிலிலிருந்து நன்றாக உள்தள்ளி வைத்து, சுற்றிலும் காற்று ஓடவிட வேண்டும்.

அந்தக் காற்றுதான் பர்ஜ் காற்று. இதற்கு இரண்டு வேலை: ப்ரோபைக் குளிரவைப்பது, லென்ஸுக்கு முன்னால் எப்போதும் வெளிநோக்கி ஓடிக்கொண்டே இருந்து புகையும் எரிபொருள் துளியும் உள்ளே வராமல் தடுப்பது. இது தடுமாறினால் மண்ணெண்ணெய் விளக்குச் சிம்னியின் உள்பக்கம் கரி படிவதைப்போல லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், திரையில் எதுவும் கெட்டதாகத் தெரியாது. வெப்பநிலை மெல்ல இறங்குவது மட்டும் தெரியும்.

எவ்வளவு இறங்கும்? 0.9 மைக்ரானில் பார்க்கிறோம், லென்ஸ் 20 சதவீதம் ஒளியை இழந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1200 கெல்வின் பிளேடு 1180 என்று வரும். பிரதிபலிப்பால் வரும் பிழை எண்ணை மேலே தள்ளும். அப்போது எஞ்சினைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவோம், உந்துவிசை போகும், அவ்வளவுதான். மங்கிய லென்ஸ் எண்ணைக் கீழே இழுக்கும். அந்த எண்ணை நம்பி எரிபொருள் கட்டுப்பாடு ஓடினால், இருபது டிகிரி அதிகச் சூட்டில் பிளேடை ஓட்டிக்கொண்டிருப்போம். பத்துப் பதினைந்து டிகிரிக்கே ஆயுள் பாதி என்று முன்பு சொன்னேன். அதனால்தான் இந்தக் குழாய் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

காற்றை எங்கிருந்து எடுப்பது? எஞ்சினின் கம்ப்ரசர் கடைசியில் விடும் காற்றை எடுக்கலாம். எரிகலனில் சில சதவீத அழுத்தம் குறைவதால் டர்பைன் வாயிலைவிட அந்தக் காற்றின் அழுத்தம் சற்று அதிகம். அந்தச் சிறு வித்தியாசம்தான் காற்றை லென்ஸைத் தாண்டி வெளியே தள்ளுகிறது. பறக்கும் எஞ்சினுக்கு இது சரி. டெஸ்ட் செல்லில் நான் வெளியிலிருந்து தனியாக நைட்ரஜனோ வடிகட்டிய காற்றோ கொடுக்கத்தான் சொல்வேன். காரணம், தீப்பற்றும் நேரத்தில் கம்ப்ரசர் அழுத்தம் மிகக் குறைவு. எரியாத எரிபொருளும் கரியும் அதிகம் பறப்பது அப்போதுதான். எஞ்சினைச் சுழற்றத் தொடங்கும் முன்பே பர்ஜ் திறந்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகும் மூடக்கூடாது. எரிபொருள் முனைகளில் மிச்சமிருப்பது சூட்டில் ஆவியாகி உள்ளே மேகம் போல நிற்கும். கேசிங் ஆறும்வரை காற்று ஓடட்டும்.

காற்று அதிகமானாலும் கெடுதல். ப்ரோபின் வாயிலிலிருந்து பாயும் குளிர்ந்த காற்று பிளேடில் பட்டால் நாம் பார்க்கும் புள்ளியையே குளிரவைத்துவிடும். பர்ஜைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, வெப்பநிலை மாறாமல் நிற்கும் பகுதியின் நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், எண்ணெய். கம்ப்ரஸ்டு ஏர் லைனில் வரும் எண்ணெய் ஆவி லென்ஸில் பட்டு, சூட்டில் வெந்து, பழுப்பு நிற வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தால் போகாது. எங்கள் செல்லில் இருக்கும் மூத்த டெக்னீஷியன் அண்ணா இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார். ப்ரோபைக் கேசிங்கில் மாட்டும் முன் பர்ஜைத் திறந்து, வாயிலுக்கு நேராக வெள்ளைக் காடாத் துணியை இழுத்துக் கட்டி, டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பார். ஒரு நாள் துணியின் நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு மெல்லிய மஞ்சள் வட்டம். புதிதாக வந்த பையன், “ரொம்ப லேசாத்தானே இருக்கு அண்ணா, ஓட்டிரலாமா?” என்று கேட்டான். “துணியில லேசுதான் தம்பி. லென்ஸுல இது வெந்துரும்” என்று சொல்லி வடிகட்டியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். உள்ளே வடிகட்டியின் கீழ்க் கிண்ணத்தில் எண்ணெயும் தண்ணீரும் பாலாகத் திரண்டு நின்றது. அன்றைய ஓட்டம் மாலைக்குத் தள்ளிப்போனது. பரவாயில்லை.

ஃபைபர், டிடெக்டர், வேகம்

ஃபைபரில் கவனிக்க வேண்டியது கண்ணாடியைவிட அதன் மேலுள்ள உறையைத்தான். சாதாரண அக்ரிலேட் உறை 85 டிகிரி வரைதான். பாலிஇமைடு 300 வரை போகும். தங்கம் பூசியது 700 வரை தாங்கும். கேசிங் பக்கத்தில் ஒரு மீட்டருக்குத் தங்க உறையும், அதற்கப்பால் பாலிஇமைடும் போட்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். 1.6 மைக்ரானில் பார்ப்பதென்றால் ஹைட்ராக்சில் குறைந்த சிலிக்காவாகக் கேட்டு வாங்குங்கள். கனெக்டர்கள் அதிர்வில் தளரும். ஒவ்வொன்றுக்கும் லாக் வயர் கட்டுங்கள். தளர்ந்த கனெக்டரும் மங்கிய லென்ஸும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

டிடெக்டரும் ஆம்ப்ளிஃபயரும் செல்லுக்கு வெளியே, ஏசி அறையில். டிடெக்டர் சுமார் 10 டிகிரி சூடேறினாலே ஒளியே இல்லாமல் அது கசியவிடும் இருட்டு மின்னோட்டம் இரண்டு மடங்காகும். ஆம்ப்ளிஃபயர் எடுக்கும்போது ஒன்றை யோசியுங்கள்: 900 கெல்வினுக்கும் 1300 கெல்வினுக்கும் நடுவில் 0.9 மைக்ரான் ஒளி 200 மடங்குக்கு மேல் மாறும். 1.6-ல் சுமார் 20 மடங்கு. முதலாவதற்கு லாகரிதமிக் (மடக்கை) ஆம்ப்ளிஃபயர் அல்லது மாற்றக்கூடிய கெயின் (பெருக்கும் அளவு) கட்டாயம்.

வேகக் கணக்கு: ரோட்டர் நிமிடத்துக்கு 15,000 சுற்று, 70 பிளேடு, பார்க்கும் ஆரம் 300 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 250 சுற்று, 17,500 பிளேடு கடக்கும். அந்த ஆரத்தில் வேகம் நொடிக்கு 470 மீட்டர். நொடிக்கு பத்து லட்சம் முறை அளந்தால் ஒரு பிளேடுக்கு 57 புள்ளிகள், அரை மில்லிமீட்டருக்கு ஒன்று. ஆனால் பார்க்கும் புள்ளியே 2 மில்லிமீட்டர் அகலம் என்றால் அதைவிட நுணுக்கமாக அளந்து பயனில்லை. புள்ளியின் ஒரு பாதி 1200 கெல்வினிலும் மறுபாதி 1000 கெல்வினிலும் விழுந்தால் கருவி 1100 காட்டாது, 0.9 மைக்ரானில் 1146 காட்டும். சூடான பகுதியின் ஒளி அமுக்கிவிடும். விளிம்புகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயரின் அலைவரிசை அகலமும் ஈடுகொடுக்க வேண்டும். மெதுவான ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வேகமான டேட்டா கார்டு வைத்துவிட்டு அழகான வளைவு வந்தது என்று மகிழ்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுற்றுக்கு ஒரு பல்ஸ் தரும் சிக்னலைத் தவறாமல் அதே கார்டில் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் எந்தப் பிளேடு எது என்று ஒருபோதும் தெரியாது.

அளவு திருத்தம்

தெரிந்த வெப்பநிலையின் ஒளியை விடும் பிளாக்பாடி உலைக்கு முன்னால் டிடெக்டரை மட்டும் வைத்து அளவு திருத்தம் செய்வது வீண் வேலை. எஞ்சினில் போகப்போகும் அதே லென்ஸ், அதே ஃபைபர், அதே கனெக்டர், அதே ஃபில்டர் எல்லாம் மாட்டிய நிலையில், ஃபைபரை எஞ்சினில் எப்படி வளைத்திருப்பீர்களோ அப்படியே வளைத்து வைத்துச் செய்யுங்கள். உலையை நம்ப நிலைப்புள்ளிகள் உள்ளன: அலுமினியம் உறையும் 660.323 டிகிரி, வெள்ளி 961.78, செம்பு 1084.62. நமக்கு வேண்டிய எல்லைக்குள் இந்த மூன்றும் அழகாக உட்காருகின்றன. இந்த உலோகங்களை உருக்கி உறையவிடும் செல்கள் எல்லோரிடமும் இருக்காது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சரிபார்த்த தெர்மோகப்பிள் இருந்தால் உலைக்குப் போதும்.

அளவு திருத்தும் மேசையில் அறை விளக்குகளை ஒருமுறை அணைத்து, ஒருமுறை போட்டு, சிக்னலில் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு வருகிறதா பாருங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் பல அப்படித் துடிக்கும். வந்தால் ஃபைபர் உறையில் எங்கோ ஒளி கசிகிறது.

பிளேடின் உமிழ்திறனுக்குப் புத்தக எண்ணை அப்படியே போடாதீர்கள். ஓடிய எஞ்சினின் ஆக்சைடு படிந்த பிளேடு 0.8-க்கும் 0.9-க்கும் நடுவில் இருக்கும். புதிதாக வார்த்த பளபளப்பான பிளேடு அதில் பாதிகூட இருக்காது. புதிய பிளேடு போட்ட எஞ்சின் என்றால், முதல் சில ஓட்டங்களில் ஆக்சைடு ஏற ஏற வெப்பநிலை தானாகக் கூடுவது போலத் தெரியும். பதற வேண்டாம், ஆனால் அந்த ஓட்டங்களை வைத்து முடிவும் எடுக்க வேண்டாம்.

ஓடும்போது திரையில் என்ன பார்ப்பது

எஞ்சின் ஐடிலில், அதாவது குறைந்தபட்ச வேகத்தில், நிலைத்ததும் சராசரி வெப்பநிலையைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு சுற்றை விரித்து அலைவடிவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பிளேடும் ஒரு மேடு. முன் விளிம்பு வரும்போது செங்குத்தாக ஏறி, வாயு நேராக மோதும் இடத்தில் ஒரு கூர்முனை நிற்கும். அதன் பின்னால், குளிர்விக்கும் துளைகளின் வரிசையைத் தாண்டியதும் ஒரு சிறு பள்ளம். படலக் காற்று அங்கே புதிதாகப் படர்கிறது என்று அர்த்தம். பின்னால் போகப்போகப் படலம் கலைந்து, வளைவு மெதுவாக மறுபடி ஏறும். பிறகு அடுத்த பிளேடு மறைக்கும்வரை ஒரு கணம் இடைவெளி. அந்த நேரத்தில் ப்ரோப் எதிர்ப்புறம் இருப்பதைப் பார்க்கும். இந்த வடிவம் உங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டால், கோளாறு வருமுன்பே தெரியும். பள்ளம் ஆழம் குறைந்தால் குளிர்விப்பு குறைகிறது. எல்லா மேடுகளும் ஒரே விகிதத்தில் தணிந்தால் பிளேடுகள் குளிரவில்லை, லென்ஸ் மங்குகிறது.

நடுநடுவே வடிவத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஊசி போல மேலே பாயும் சிகரங்கள் வரும். அவை ஒளிரும் கரித்துகள்கள். அவை எந்தப் பிளேடோடும் ஒட்டாது. ஒரு சுற்றில் இங்கே, அடுத்த சுற்றில் வேறெங்கோ. அதனால் நூறு சுற்றுகளை, அதாவது 0.4 நொடிப் பதிவை, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு கோணத்துக்கும் கீழ்ப் பத்தில் ஒரு பங்கு எந்த மதிப்பில் நிற்கிறதோ அதை எடுங்கள். சராசரி எடுத்தால் கரியும் சேர்ந்து வரும். ஆகக் குறைந்த மதிப்பை எடுத்தால் சிக்னலின் இரைச்சல் சேர்ந்து வரும். த்ராட்டிலை வேகமாகக் கூட்டும்போது கரி மொத்தமாகப் பறக்கும், அந்தச் சில நொடிகளில் எந்த வடிகட்டலும் உதவாது. அதை அப்படியே ‘நம்பத்தகாதது’ என்று குறித்துவிடுங்கள்.

இப்படி அடுக்கிப் பார்த்ததில் ஒருமுறை ஒரே ஒரு பிளேடு மட்டும் மற்றவற்றைவிட முப்பது டிகிரியை ஒட்டி உயர்ந்து நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம், ஆகவே கரி இல்லை. இரண்டு அலைநீளமும் ஒன்றுபோலச் சொன்னது, ஆகவே பிரதிபலிப்பு இல்லை. பக்கத்துப் பிளேடுகள் சரியாக இருந்தன, ஆகவே லென்ஸும் இல்லை. முன் விளிம்புக்குப் பின்னால் வர வேண்டிய பள்ளம் அந்தப் பிளேடில் மட்டும் ஏறக்குறைய காணவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு போர்ஸ்கோப் விட்டோம். முதல் பிளேடின் குறியிலிருந்து எண்ணிக்கொண்டே ரோட்டரைக் கையால் சுற்றி, அந்த எண்ணில் நிறுத்தினால், முன் விளிம்புத் துளைகளில் இரண்டு சாம்பல் நிறத்தில் அடைத்துக் கிடந்தன. முன் ஓட்டத்தின் போர்ஸ்கோப் படங்களில் அவை திறந்திருந்தன.

ஒரே டிடெக்டரை வைத்துப் படமே எடுக்க வேண்டுமென்றால், சுழற்சி ஒரு திசையைக் கொடுத்துவிடுகிறது. மறு திசைக்கு ப்ரோபையோ அதன் முனையிலுள்ள சிறு ப்ரிஸத்தையோ மெதுவாக நகர்த்தி, பிளேடின் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்ய வேண்டும். நகர்த்தி முடியும்வரை எஞ்சின் ஒரே நிலையில் நிற்க வேண்டும். கண்ட்ரோல் அறையில் இருப்பவரிடம் முன்கூட்டியே பேசி அந்த நேரத்தை வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் த்ராட்டிலைத் தொட்டால் படம் வளைந்துவிடும்.

நிறுத்திய பிறகு

பர்ஜை மூடாமல் காத்திருங்கள் என்று சொன்னேன். போர்ஸ்கோப்புக்கும் பொறுமை வேண்டும்: வீடியோஸ்கோப் முனைகள் பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி வரைதான் தாங்கும். அவசரப்பட்டுச் சூட்டில் நுழைத்தால் கேமரா போய்விடும், அதன் விலை சாதாரணமில்லை.

ப்ரோபைக் கழற்றியதும் லென்ஸைத் துடைக்காதீர்கள். கை தானாகத் துணியைத் தேடும், தடுத்துக்கொள்ளுங்கள். முதலில் லென்ஸைப் படம் எடுங்கள். பிறகு அழுக்கோடேயே உலைக்கு முன்னால் வைத்து மறுபடி அளவு திருத்தம் பாருங்கள். அதற்குப் பிறகு சுத்தம் செய்து இன்னொருமுறை பாருங்கள். அழுக்கோடு வந்த எண்ணுக்கும் சுத்தம் செய்தபின் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைய ஓட்டத்தில் லென்ஸ் எவ்வளவு இழந்தது என்று சொல்லும். சுத்தம் செய்த பிறகும் எண் ஓட்டத்துக்கு முன்பிருந்ததற்குத் திரும்பாவிட்டால் கோளாறு ஃபைபரிலோ கனெக்டரிலோ இருக்கிறது. கரி லென்ஸின் ஒரு பக்கம் மட்டும் பிறை போலப் படிந்திருந்தால் பர்ஜ் சமமாகப் பாயவில்லை, காற்று வரும் துளைகளில் ஏதோ ஒன்று அடைத்திருக்கும்.

டேட்டாவைச் சேமிக்கும்போது வெப்பநிலையாக மாற்றியதை மட்டும் வைக்காமல் மூல வோல்டேஜையும் வையுங்கள். உமிழ்திறன் எண் நாளை மாறலாம், அப்போது வோல்டேஜ் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடலாம். டர்பைன் வடிவமைப்பாளர்களுக்குக் கொடுக்கும் தாளில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே எந்த அலைநீளம், எந்த உமிழ்திறன், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உலையில் கிடைத்த வித்தியாசம், எந்தெந்த நொடிகளைக் கரியால் ஒதுக்கினோம் என்பதை எழுதுங்கள். ப்ளஸ், மைனஸ் என்று ஒரே எண் போடுவதோடு நிறுத்தாமல் மேல்பக்கப் பிழையையும் கீழ்பக்கப் பிழையையும் தனித்தனியே கொடுங்கள். முதலாவது பிரதிபலிப்பிலிருந்து, இரண்டாவது லென்ஸிலிருந்து வருகிறது என்பதையும் அதே வரியில் குறிப்பிடுங்கள்.